கடமை யார் மேல்? அரபு மொழிப் பாடம் குறித்து ஒரு திருத்தம்

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வார இணைப்பில் வெளிவரும் அரபு மொழிப் பாடங்களைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். வேலைக்காக அரபு நாடுகளுக்குச் செல்வோரையும், மொழியார்வத்தால் மட்டுமே கற்போரையும் ஒருங்கே மனத்தில் வைத்து எழுதப்படும் அப்பகுதி, எழுத்துகளையும் எண்களையும் அன்றாட உரையாடல்களையும் அறிமுகப்படுத்திய விதத்தில் குறை காண இடமில்லை. ஆனால் 'வேண்டும், கூடாது' என்ற தலைப்பில் அண்மையில் வந்த பாடத்தைக் கண்டும் காணாமல் விட்டுவிட மனம் வரவில்லை. 'வேண்டும்' என்பதற்குப் பேச்சில் 'லாஸிம்' என்றும், எழுத்தில் 'யஜிபு' என்றும், 'கூடாது' என்பதற்கு முன்னால் ஒரு 'லா' சேர்த்து 'லா யஜிபு' என்றும் சொல்லி, மூன்றே வரிகளில் அப்பாடம் முடிந்துவிடுகிறது. முதல் இரண்டு வரிகள் அரைகுறையானவை. மூன்றாவது வரி பிழையானது. அதுவும், ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடப் போகிறவரைத் தவறான பக்கம் திருப்பிவிடக்கூடிய பிழை. அரபு ஆவணங்களைத் தமிழாக்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் இதுபற்றிச் சற்று விரிவாகவே எழுத அனுமதிக்க வேண்டுகிறேன்.

பிழையான வரியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். 'யஜிபு அன் தத்ஹப' என்றால் 'நீ போக வேண்டும்' என்பது பொருள். இதை எதிர்மறையாக்க அரபு மொழியில் இரண்டு இடங்கள் உள்ளன. 'யஜிபு' என்பதற்கு முன் 'லா' வந்தால் மறுக்கப்படுவது கட்டாயம்: 'லா யஜிபு அன் தத்ஹப' என்பதற்கு, நீ போயாக வேண்டிய கட்டாயம் இல்லை, விரும்பினால் போகலாம் என்பதே முறையான பொருள். 'லா' பின்னால் நகர்ந்து, போவதைக் குறிக்கும் வினையின் முன் நின்றால் மறுக்கப்படுவது போதல்: 'யஜிபு அல்லா தத்ஹப', அதாவது நீ போகாதிருப்பது கட்டாயம், போகக் கூடாது. இங்குள்ள 'அல்லா' இறைவனின் பெயரன்று. அடுத்த வினையை இணைக்கும் 'அன்', மறுப்பைக் குறிக்கும் 'லா' என்ற இரு சொற்கள் புணர்ந்து னகரம் லகரமாகத் திரிந்த வடிவம். புணர்ச்சி இலக்கணம் படித்த தமிழருக்கு இது ஒரு நொடியில் விளங்கிவிடும். சொல்லிக்கொடுக்கத்தான் ஆள் வேண்டும்.

'லா யஜிபு அலல் ஆமிலி அன் யஃமல யவ்மல் ஜும்ஆ' என்று ஒரு வாக்கியம் இருப்பதாகக் கொள்வோம். வெள்ளிக்கிழமை வேலை செய்யும் கட்டாயம் தொழிலாளிக்கு இல்லை என்பது அதன் பொருள். தங்கள் பாடத்தைப் படித்தவரோ, வெள்ளிக்கிழமை வேலை செய்யவே கூடாது என்று படிப்பார். ஒன்று தொழிலாளிக்குக் கிடைத்த சலுகை, மற்றது அவர் மேல் விழுந்த தடை. பாடம் எழுதியவர் இதை அடியோடு கற்பனை செய்துவிட்டார் என்று நான் கருதவில்லை. இன்றைய அரபு நாளேடுகளிலும் தொலைக்காட்சியிலும் 'லா யஜிபு அன்' என்பதைத் தடைப் பொருளில் வழங்குவோர் ஏராளம். பிழை திருத்தும் இலக்கண ஆசிரியர்கள் அதைச் சுட்டிச் சுட்டி அலுத்துப் போயிருக்கிறார்கள். நம் 'வேண்டாம்' படும் பாடும் இதுதான். 'நாளை வர வேண்டாம்' என்று மேலாளர் சொன்னால், அது விடுப்பா, தடையா என்பது அவர் குரலையும் முகத்தையும் பொறுத்தது. பேச்சில் குரல் துணைக்கு வரும், தாளில் வராது. அதனால்தான் சட்டம் எழுதுவோர் தடையைக் குறிக்க இந்த இரண்டையுமே பெரும்பாலும் நாடாமல், 'லா யஜூஸு' (அனுமதியில்லை) என்ற வேறு வினைக்குப் போய்விடுகிறார்கள். 'கூடாது' என்பதற்கு ஒரே ஒரு சொல்லைத்தான் தர முடியும் என்றால், பாடத்தில் இருந்திருக்க வேண்டியது இதுதான்.

பேச்சு வழக்கிலும் இந்த இரட்டை இடம் அப்படியே இருக்கிறது. எகிப்தியர் 'மிஷ் லாஸிம் திரூஹ்' என்றால் போகத் தேவையில்லை. 'லாஸிம் மத்ருஹ்ஷ்' என்றால் போகக் கூடாது. வளைகுடாப் பேச்சில் 'மூ லாஸிம்' என்பது தேவையின்மையைக் குறிக்கும். மறுப்பு எந்தச் சொல்லின் அருகில் நிற்கிறது என்று கவனிக்கும் பழக்கம் ஒன்றை ஊட்டிவிட்டால், கற்பவர் எந்த நாட்டுப் பேச்சைக் கேட்டாலும் அது அவருக்குக் கைகொடுக்கும்.

இனி, அரைகுறை என்று நான் சொன்ன முதல் இரண்டு வரிகளுக்கு வருகிறேன். 'வேண்டும்' என்பதற்கு இணையாக ஒரு சொல்லைத் தேடிப் பிடித்துக் கொடுப்பதில்தான் கோளாறு தொடங்குகிறது என்பது என் கருத்து. அரபு மொழி கடமையைச் சொல்லும்போது முதலில் பார்ப்பது, அது யார் மேல் இருக்கிறது என்பதை. 'அலா' என்ற சிறு இடைச்சொல்லுக்கு 'மேல்' என்று பொருள். மேசை மேல் புத்தகம் இருக்கிறது என்பதற்கும் அதுதான், உன் மேல் கடமை இருக்கிறது என்பதற்கும் அதுதான். 'அலைக்க அன் தத்ஃபஅ' என்ற தொடரில் 'வேண்டும்' என்று பொருள்படும் வினை எதுவுமே கிடையாது. 'உன் மேல், நீ செலுத்துவது' என்பதுதான் அதிலுள்ள அத்தனையும். ஆனால் அதைக் கேட்ட எந்த அரபியரும் 'நீ பணம் கட்ட வேண்டும்' என்றே புரிந்துகொள்வார். இதற்கு எதிர்ப்பக்கத்தில் நிற்பது 'லி' என்ற மற்றோர் இடைச்சொல். நம் நான்காம் வேற்றுமையைப் போல 'எனக்கு, உனக்கு' என்று உரிமையைச் சொல்வது. 'லீ அலைஹி மிஅத்து தீனார்' என்றால் 'எனக்கு, அவன் மேல், நூறு தீனார்', அதாவது அவன் எனக்கு நூறு தீனார் தர வேண்டும். ஒருவருடைய உரிமைகளையும் கடமைகளையும் சேர்த்துச் சொல்ல 'மா லஹு வமா அலைஹி' என்பார்கள்: அவருக்கு உள்ளதும், அவர் மேல் உள்ளதும். கணக்கு வழக்கு, நீதிமன்றம், குடும்பத் தகராறு என எங்கு போனாலும் இந்த 'லி', 'அலா' இணையைக் கேட்கலாம்.

இது தமிழருக்கு அந்நியமான பார்வையும் இல்லை. கொடுக்க வேண்டிய பணத்தையும் செய்ய வேண்டிய கடமையையும் 'கடன்' என்ற ஒரே சொல்லால் குறித்தவர்கள் நாம். 'ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே' என்று புறநானூற்றின் 312-ஆம் பாட்டில் பொன்முடியார் சொல்லும்போது, 'தலை' என்பதற்கு முதன்மை என்று பொருள் கொள்வாரும் உண்டு என்றாலும், என் மேல் உள்ள கடமை என்ற தொனி அதில் கேட்கத்தான் செய்கிறது. 'அலைய்ய' (என் மேல்) என்று ஓர் அரபுத் தாய் சொல்லக்கூடியதும் அதுவே. பாடம் எழுதுவோர் இந்தக் கதவைத் திறந்துவிட்டிருந்தால் வாசகர் தாமாகவே உள்ளே போயிருப்பார்.

குர்ஆனின் மொழி இதற்கு நல்ல சான்று. ஹஜ் கடமையை அறிவிக்கும் மூன்றாம் அத்தியாயத்தின் 97-ஆம் வசனத்தில் கட்டாயத்தைக் குறிக்கும் வினை ஒன்றுகூட இல்லை. 'வலில்லாஹி அலன்னாஸி ஹிஜ்ஜுல் பைத்தி' என்பதைச் சொல்லுக்குச் சொல் பிரித்தால், 'அல்லாஹ்வுக்கு, மக்கள் மேல், அந்த இல்லத்தின் ஹஜ்' என்றுதான் வரும். மேலே சொன்ன நூறு தீனார்க் கணக்கின் அதே கட்டுமானம். இயன்றவர் மேல் மட்டுமே அது என்ற வரையறை அதைத் தொடர்ந்து வருகிறது. நோன்பைப் பற்றிய இரண்டாம் அத்தியாயத்தின் 183-ஆம் வசனமோ 'குதிப அலைக்குமுஸ் ஸியாமு' என்கிறது: உங்கள் மேல் நோன்பு எழுதப்பட்டது. எழுதியவர் யார் என்று சொல்லாத செயப்பாட்டு வினை, அதற்குப் பக்கத்தில் மீண்டும் 'அலா'. பாடத்தில் 'யஜிபு' என்ற சொல்லை மட்டும் மனப்பாடம் செய்தவர் இந்த இரண்டு வசனங்களிலும் கடமை எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருப்பார்.

'யஜிபு' என்ற சொல்லைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதன் வேரான 'வஜப' என்பதற்கு விழுதல் என்ற பழம்பொருள் உண்டு. பலியிடப்பட்ட ஒட்டகங்கள் பக்கவாட்டில் சாய்ந்து விழுவதை, 22-ஆம் அத்தியாயத்தின் 36-ஆம் வசனம் இந்த வினையாலேயே சொல்கிறது. விழுந்தது ஒருவர் மேல் விழுந்தால் கடமையாகிறது. எனவேதான் 'யஜிபு அலைய்ய' என்று இங்கும் 'அலா' ஒட்டிக்கொண்டு வருகிறது. 'யஜிபு' ஆளுக்கு ஏற்ப மாறுவதில்லை. 'நான் போக வேண்டும், அவர்கள் போக வேண்டும்' என்பதில் நம் 'வேண்டும்' மாறாமல் நிற்பதைப் போலவே அதுவும் நிற்கும். தமிழருக்கு இது இயல்பாக வர வேண்டிய ஒன்று. ஆயினும், அரபு வினைகளெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும் என்று படித்துவிட்டு வருகிறவர்கள் 'நான்' என்ற நினைப்பில் 'அஜிபு' என்று சொல்லிவிடுகிறார்கள். மாறவேண்டியது அடுத்த வினைதான். தமிழில் 'போக' என்ற எச்சம் யாருக்கும் பொதுவாக நிற்கும். அரபு மொழியிலோ 'அன் அத்ஹப' என்றால் நான், 'அன் தத்ஹப' என்றால் நீ, 'அன் நத்ஹப' என்றால் நாம். பன்மையில் 'யக்துபூன' என்றிருப்பது 'அன்' வந்ததும் 'யக்துபூ' என்று கடைசி னகரத்தை இழக்கும். இதெல்லாம் தொடக்கநிலையில் தலைவலி என்று நினைப்பவர், வினைக்குப் பதில் தொழிற்பெயரைப் போட்டு 'யஜிபு அலைக்கத் தஹாபு' என்று சொல்லிவிட்டால் இந்த மாற்றங்கள் எதுவும் தேவைப்படாது.

ஒப்பந்தங்களுக்கும் சட்டங்களுக்கும் வருவோம். நான் கவலைப்படுவது முக்கியமாக இங்கேதான். 2005-இல் அரச ஆணையாக வெளியான சவூதி அரேபியத் தொழிலாளர் சட்டத்தின் 9-ஆம் பிரிவு, வேலை ஒப்பந்தங்களும் பதிவேடுகளும் அரபு மொழியில் இருக்க வேண்டும் என்றும், அதோடு வேற்று மொழி வாசகமும் சேர்க்கப்பட்டிருந்தால் அரபு வாசகமே செல்லும் என்றும் சொல்கிறது. ஆகவே, கையில் உள்ள மொழிபெயர்ப்பு என்ன சொல்கிறது என்பதைவிட, அதற்கு எதிர்ப்பக்கத்தில் உள்ள அரபு வரி என்ன சொல்கிறது என்பதே முக்கியம். அந்தச் சட்டம் பின்னாளில் பலமுறை திருத்தப்பட்டிருக்கிறது. நான் இங்கே பார்ப்பது அது வெளியானபோதிருந்த அரபு நடையை மட்டுமே. முதலாளியின் கடமைகளைக் கூறும் 61-ஆம் பிரிவு 'யஜிபு அலா ஸாஹிபில் அமல்' (முதலாளி மேல் கடமை) என்று வெளிப்படையாகவே சொல்கிறது. அதில் யாருக்கும் குழப்பம் வராது. ஆனால் அயல்நாட்டுத் தொழிலாளியை வரவழைக்கும் கட்டணங்களைப் பற்றிய 40-ஆம் பிரிவு 'யதஹம்மலு ஸாஹிபுல் அமல்' என்று தொடங்குகிறது. 'முதலாளி சுமக்கிறார்' என்பது அதன் நேர்ப்பொருள். வேண்டும் இல்லை, கட்டாயம் இல்லை, 'மேல்' கூட இல்லை. வெறும் நிகழ்கால வினை. இதை 'கட்டணங்களை முதலாளி ஏற்கிறார்' என்று பெயர்த்துக் கொடுத்தால், ஏதோ பெருந்தன்மையாக அவர் வழக்கமாகச் செய்யும் காரியம் போலத் தோன்றிவிடும். உண்மையில் அது 'ஏற்றே ஆக வேண்டும்' என்ற கட்டளை.

செய்தி வாக்கியத்தையே கட்டளையாக்கும் இந்த முறையை அரபு அறிஞர்கள் 'கட்டளைப் பொருளில் வரும் செய்தி' என்று பெயரிட்டே விளக்கியிருக்கிறார்கள். 'தாய்மார்கள் தம் குழந்தைகளுக்கு முழுமையாக இரண்டு ஆண்டுகள் பாலூட்டுவார்கள்' என்று வரும் குர்ஆன் வசனம் (2:233) இதற்கு வழக்கமாகக் காட்டப்படும் எடுத்துக்காட்டு. நடந்துகொண்டிருப்பதாகவே சொல்லிவிடுவதால், மறுக்க இடமே இல்லாதபடி கட்டளை இன்னும் அழுத்தம் பெறுகிறது என்பது அவர்கள் சொல்லும் நயம்.

இதைவிடச் சிக்கலானது அதே சட்டத்தின் 88-ஆம் பிரிவு. தொழிலாளியின் பணி முடிந்தால் ஒரு வாரத்துக்குள் அவருடைய ஊதியத்தைக் கொடுத்துக் கணக்கு முடிக்க வேண்டும், தொழிலாளியே ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டால் இரண்டு வாரங்களுக்கு மேல் போகக் கூடாது என்பது அதன் சாரம். அங்கே கடமையைச் சொல்லும் வினை 'வஜப' என்று இறந்தகாலத்தில் நிற்கிறது! 'இதன்தஹத் கித்மத்துல் ஆமிலி வஜப அலா ஸாஹிபில் அமல்...' என்று தொடங்கும் அந்த வரியைச் சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'பணி முடிந்தது என்றால், முதலாளி மேல் கடமையானது' என்று வரும். இறந்தகாலம் கண்டு, எப்போதோ நடந்து முடிந்த ஒன்றைப் பற்றிய பேச்சு என்று கற்பவர் மயங்கிவிடலாம். நிபந்தனை வாக்கியத்தில் இறந்தகால வடிவம் காலத்தைக் காட்டுவதில்லை. நிபந்தனை நிறைவேறியதும் விளைவும் உறுதி என்பதைக் காட்டுகிறது. நாமும் 'முடிந்தால்', 'வந்தால்', 'கேட்டால்' என்று வருங்காலத்தைப் பற்றிப் பேசும்போது இறந்தகால அடியைத்தானே பயன்படுத்துகிறோம்? யாரும் அதைக் கவனிப்பதில்லை, அவ்வளவுதான்.

ஒப்பந்தங்களில் அடிக்கடி வரும் மற்றொரு வினை 'யல்தஸிமு'. தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்கிறார், பொறுப்பேற்கிறார் என்று பொருள். தெருப்பேச்சின் 'லாஸிம்' பிறந்த அதே வேரில் பிறந்தது இது. விடாமல் ஒட்டியிருத்தல் என்பது அந்த வேரின் கருத்து. எகிப்தியச் சட்ட அறிஞர் அப்துர் ரஸ்ஸாக் அல் ஸன்ஹூரி முன்னின்று உருவாக்கிய 1948-ஆம் ஆண்டின் எகிப்திய உரிமையியல் சட்டம் 'இல்திஸாம்' என்பதைச் சட்டக் கடப்பாட்டுக்கான கலைச்சொல்லாக ஆண்டது. பிற அரபு நாடுகள் பலவும் அச்சட்டத்தைப் பின்பற்றித் தம் சட்டங்களை வகுத்துக்கொண்டன. ஆக, 'இரண்டாம் தரப்பினர் யல்தஸிமு' என்று ஒப்பந்தத்தில் வந்தால், அங்கே 'லாஸிம்' கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டு நிற்கிறது என்று தொழிலாளி புரிந்துகொள்ள வேண்டும்.

கடமையின் அளவுகளைப் பற்றியும் பாடம் ஒன்றும் சொல்லவில்லை. இதை விரித்தால் பெருகும். ஆனாலும் தொடாமல் இருக்க முடியாது. இஸ்லாமியச் சட்டவியல் மனிதச் செயல்களைக் கடமை, விரும்பத்தக்கது, அனுமதிக்கப்பட்டது, வெறுக்கத்தக்கது, தடுக்கப்பட்டது என்று தரம் பிரிக்கிறது. பர்ளு, வாஜிபு (இரண்டும் கடமை), சுன்னத்து (விரும்பத்தக்கது), மக்ரூஹ் (வெறுக்கத்தக்கது), ஹராம் (தடுக்கப்பட்டது) என்ற சொற்கள் தமிழ் முஸ்லிம்களின் அன்றாடப் பேச்சிலேயே உண்டு. இஸ்லாமியச் சட்ட மரபுகளுள் ஒன்றான ஷாஃபி மரபில் பர்ளும் வாஜிபும், ஹஜ் தொடர்பான விதிகளைத் தவிர, ஏறத்தாழ ஒரே பொருள் கொண்டவை. மற்றொன்றான ஹனஃபி மரபிலோ ஐயத்துக்கு இடமில்லாத சான்றால் நிறுவப்பட்டது பர்ளு, அந்த உறுதிக்குச் சற்றுக் குறைந்த சான்றால் நிறுவப்பட்டது வாஜிபு. இரவின் வித்ருத் தொழுகை இமாம் அபூ ஹனீஃபாவிடம் வாஜிபு, ஷாஃபி மரபில் வலியுறுத்தப்பட்ட சுன்னத்து.

ஏவல் வினை வந்தாலே கடமை என்று எடுத்துக்கொள்ளலாமா என்ற கேள்வியையும் இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள் விட்டுவைக்கவில்லை. வேறு குறிப்பு இல்லாதவரை ஏவல் கடமையையே உணர்த்தும் என்பது பெரும்பாலோர் முடிவு. ஆனால் ஹஜ் கட்டுப்பாடுகளிலிருந்து விடுபட்டதும் 'வேட்டையாடுங்கள்' என்று ஐந்தாம் அத்தியாயத்தின் இரண்டாம் வசனம் சொல்வதைக் கேட்டு, எல்லாரும் வில்லெடுத்துக்கொண்டு புறப்பட வேண்டும் என்று யாரும் சொன்னதில்லை. இதுவரை இருந்த தடை நீங்கியது என்பதே அதன் கருத்து. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்கச் சொல்லும் ஏவலை (2:282) அறிஞர்களில் பெரும்பாலோர் கடமையாகக் கொள்ளாமல் நல்ல ஆலோசனையாகவே கொண்டனர். ஒரு மொழியின் ஏவல் வடிவம் எப்போது கட்டளை, எப்போது அனுமதி, எப்போது அறிவுரை என்று நூற்றாண்டுக் கணக்கில் வாதாடியிருக்கும் மரபை, மூன்று வரியில் அடக்குவது அதற்குச் செய்யும் நியாயமாகாது.

இதில் வியப்புக்குரிய ஒன்று உண்டு. 'பர்ளு' என்ற கனமான சொல்லின் வழிவந்த 'அல்மஃப்ரூள்' என்பது இன்றைய எகிப்தியப் பேச்சில் மிகவும் இளகிப்போய்விட்டது. 'இல்மஃப்ரூள் யீகி இஸ்ஸாஆ கம்ஸா' என்றால், முறைப்படி அவர் ஐந்து மணிக்கு வந்தாக வேண்டும் என்பது பொருள். வருவார் என்று சொல்பவருக்கே பெரிய நம்பிக்கை இல்லை என்பதும் அதில் அடக்கம். அகராதியில் 'கடமையாக்கப்பட்டது' என்று பார்த்துவிட்டுப் போகிறவர் ஐந்து மணிக்குக் காத்திருந்து ஏமாறுவார்.

'லா புத்த' என்ற தொடரும் பாடத்தில் இடம்பெற்றிருக்க வேண்டும். வேறு வழியே இல்லை என்பது அதன் உட்பொருள். தமிழில் 'போயே ஆக வேண்டும்' என்று ஏகாரம் கொடுத்துச் சொல்வதற்கு நிகர். 'பயணம் எவ்வளவு நீண்டாலும் ஸன்ஆவுக்குப் போயே ஆக வேண்டும்' என்ற அரபு மரபுத்தொடர் 'லா புத்த' கொண்டே தொடங்குகிறது. இதில் தமிழர் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. 'அவர் வந்து சேர்ந்திருக்க வேண்டும்' என்று நாம் சொன்னால், இந்நேரம் சேர்ந்திருப்பார் என்ற ஊகமா, சேர்ந்திருக்க வேண்டியவர் சேரவில்லையே என்ற குறையா என்று சூழலைக் கொண்டுதான் அறிய முடியும். அரபு மொழியில் இந்த மயக்கம் பெரும்பாலும் எழுவதில்லை. 'லா புத்த அன்னஹு வஸல' என்றால் ஊகம். 'லா புத்த அன் யஸில' என்றால் சேர்ந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம். சேரவில்லையே என்ற குறையைச் சொல்லப் பெரும்பாலும் 'கான யஜிபு அன் யஸில' என்று 'இருந்தது' என்னும் துணைவினை முன்னால் வந்துவிடும். 'அன்' என்பதற்கும் 'அன்ன' என்பதற்கும் இடையே தமிழ் எழுத்தில் பார்த்தால் ஓர் எழுத்துதான் வேறுபாடு, பொருளிலோ கடமைக்கும் ஊகத்துக்கும் உள்ள தொலைவு.

'யன்பகீ' என்பது 'தகும், ஏற்றது' என்ற அளவில் நிற்கும் மென்மையான சொல் என்பதையும், மொரோக்கோவில் 'லாஸிம்' என்பதைவிட 'கஸ்ஸ்னீ' என்ற வடிவமே காதில் விழும் என்பதையும் ஒரு வரியில் குறிப்பிட்டாலே போதும். நிர்ப்பந்தத்தைக் குறிக்கும் 'முள்தர்' என்ற சொல்லை மட்டும் கடமைச் சொற்களோடு கலந்துவிடக் கூடாது. கடமை ஒருவர் மேல் வைக்கப்படுவது. 'ளரூரத்' எனப்படும் நிர்ப்பந்தமோ கடமையையும் தடையையும் தளர்த்துவது. 'நிர்ப்பந்தங்கள் தடுக்கப்பட்டவற்றை அனுமதிக்கப்பட்டவையாக்கும்' என்ற சட்ட முதுமொழி, 1869 முதல் 1876 வரை உதுமானியப் பேரரசு தொகுத்து வெளியிட்ட மஜல்லா சட்டத் தொகுப்பில் 21-ஆம் விதியாக இடம்பெற்றுள்ளது. நிர்ப்பந்தம் எந்த அளவுக்கோ அந்த அளவுக்கு மட்டுமே தளர்வு என்று அடுத்த விதி உடனே கடிவாளம் போடுகிறது.

எனவே தங்களிடம் நான் கேட்டுக்கொள்வது இவைதான். இனி வரும் பாடங்களில் 'யஜிபு', 'லாஸிம்' ஆகியவற்றுக்கு முன்பாக 'அலைய்ய, அலைக்க, அலைக்கி, அலைஹி, அலைஹா' என்ற ஐந்து வடிவங்களையும், அவற்றுக்கு எதிராக 'லீ, லக, லக்கி, லஹு, லஹா' என்பவற்றையும் கற்பிக்கச் செய்ய வேண்டும். ஒப்பந்த வாசகங்களுக்கென்று ஒரு பாடத்தை ஒதுக்கி, 'யதஹம்மலு', 'யல்தஸிமு', 'லா யஜூஸு' ஆகிய மூன்றையாவது முழு வாக்கியங்களோடு விளக்கச் செய்தால், வேலைக்குச் செல்வோருக்கு உடனடியாகப் பயன்படும். இடப் பற்றாக்குறையால் இவை எதுவும் இயலாது என்றாலும், 'லா யஜிபு' என்பதற்குக் 'கூடாது' என்று பொருள் தந்திருக்கும் அந்த மூன்றாவது வரியை மட்டுமாவது அடுத்த வாரமே திருத்தி வெளியிட வேண்டுகிறேன். பாடங்களைக் கத்தரித்துச் சேர்த்துவைத்துக்கொள்ளுமாறு அப்பகுதியின் தலைப்புக்குக் கீழேயே தாங்கள் அச்சிட்டு வருகிறீர்கள். அப்படிச் சேர்த்துவைத்தவர்கள் அந்தத் தாளைக் கையோடு எடுத்துச் செல்லக்கூடும்.

தங்கள் உண்மையுள்ள,
அரபு ஆவணங்களைத் தமிழாக்கும் வாசகர் ஒருவர்